சனிக்கிழமைத் தலைவலி

சூயஸ்
9 செப்டம்பர் 2003

அன்புள்ள அவாதிஃபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் அண்ணன் மம்தூஹ் காரை எப்படி ஓட்டுவான் என்று எனக்குத் தெரியும். நீயும் ரபாபும் பத்திரமாக ஸகாஸீக் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமாவுக்கும் மாமிக்கும் என் ஸலாமைச் சொல். சொல்கிற நிலைமை இல்லையென்றால் உன்னிடமே இருக்கட்டும்.

இரண்டு தடவை போன் செய்தேன். முதல் தடவை மம்தூஹ் எடுத்தான். என் குரலைக் கேட்டதும் "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டான். அடுத்த தடவை மாமாவே எடுத்தார். இந்தத் தடவை வைத்தவன் நான். உங்கள் வீட்டு போன் நடையில் இருக்கிறது. அடுப்படியில் இருப்பவர்கள் முதல் மொட்டைமாடியில் துணி காயப்போடுபவர்கள் வரை எல்லோருக்கும் கேட்கும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ராணுவத்தில் இருந்தபோது உனக்கு எழுதினேன், அதற்கப்புறம் இதுதான். கையெழுத்து இன்னும் அப்படியேதான் இருக்கிறது, பாவம், உன் கண்ணுக்கு வேலை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் யாரும் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ மீன்சோறு வைத்தாய், ரபாபைத் தோழி வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். கதவைத் தட்டுகிறார்கள், திறந்தால் மாமா நிற்கிறார், பின்னால் மம்தூஹ் கையில் பெரிய தட்டு நிறைய உன் உம்மா செய்த ஃபித்தீர் ரொட்டியோடு. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கு அந்த நேரமே உள்ளங்கால் சில்லிட்டுவிட்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் நீயே பார்த்தது. "என்ன மாப்ளே, மூஞ்சி தக்காளி மாதிரி சிவந்து கெடக்கு?" என்று மம்தூஹ் கேட்டது வரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தண்ணீர்க் கூஜாவை எடுக்க எழுந்தேன். தரை மேலே வந்தது. கண்ணைத் திறந்தபோது என் தலை மாமாவின் மடியில். அவருடைய வெள்ளை ஜலாபிய்யா அங்கி முழுக்க நான் சாப்பிட்ட சோறு.

"என்னத்தக் குடிச்ச? அல்லாஹ் மேல ஆணையா சொல்லு, என்னத்தக் குடிச்ச?" என்றார் மாமா. நீ என் கன்னத்தைத் தட்டித் தட்டி, "சொல்லுங்க, என்ன சாப்பிட்டீங்க, சொல்லித் தொலைங்க" என்று அழுதாய். மம்தூஹ் குனிந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பீர்" என்றேன். "ரெண்டு."

அதற்கு மேல் எதுவும் எழுத எனக்கு முகமில்லை. தப்பு என்னுடையது. மன்னித்துவிடு. மாமாவின் ஜலாபிய்யாவைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். மார்புப் பக்கம் மஞ்சள் கறை மட்டும் போகவில்லை. இன்னொரு தடவை ஊறவைக்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. ரபாபுக்காகவாவது வந்துவிடு.

உன்
ஷௌக்கி


ஸகாஸீக்
15 செப்டம்பர் 2003

ரபாபின் வாப்பாவுக்கு,

அலைக்குமுஸ்ஸலாம். கடிதம் வந்தது. தபால்காரரிடமிருந்து வாங்கியது ஸுஹைர் மதினி. உறையின் பின்பக்கம் உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு, வெந்நீரில் கை வைத்த மாதிரி என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அப்படி ஆகிவிட்டது நம் பிழைப்பு.

ஜலாபிய்யாவை அனுப்ப வேண்டாம். வாப்பா அதை இனி உடுத்தமாட்டார்.

பதினாறு வருஷம் உங்களோடு ஒரே கூரைக்குக் கீழ் இருந்தவள் நான். உங்கள் தெருவில் கல்யாணம் என்றால் யார் யார் ஓரமாகப் போய்க் குடித்துவிட்டு வருவார்கள் என்று நீங்களே எனக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். அப்போதெல்லாம் உங்கள் வாயில் வெறும் சிகரெட் வாசனைதான் வரும். அதனால் உங்கள் "ரெண்டு பீர்" எனக்கு முதலில் நம்ப முடியவில்லை. இங்கே வந்து, ராத்திரி பகல் யோசித்தேன். இப்போது நம்புகிறேன்.

போன வருஷம் பிளாண்ட்டில் உங்களை அந்த டீசல் மருந்துக் கொட்டகைக்கு மாற்றினார்களே, அதிலிருந்துதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடிந்து வரும்போது முகம் ரத்தமாகச் சிவந்திருக்கும். "மண்டை பொளக்குது, விளக்க அணை, ரபாபைப் பேசாம இருக்கச் சொல்லு" என்று சுருண்டு படுத்துவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சரியாகிவிடும். லீவு நாளில் நல்ல பிள்ளையாக வீட்டில் இருந்துவிட்டு, வேலைக்குப் போன முதல் நாளே கூட்டாளிகளோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் எலுமிச்சம்பழம் அரிந்து உங்கள் நெற்றியில் கட்டிக்கொண்டிருந்தேன். என்னைவிடப் பைத்தியக்காரி யார் இருக்க முடியும்?

இன்னொன்று. வெள்ளிக்கிழமை தோறும் உங்கள் பேண்ட் பையில் ஒரு துணித்துண்டு. பழம் கனிந்து அழுகப்போகிற மாதிரி ஒரு தித்திப்பு வாசனை. "பிளாண்ட்டு துணி, தொடாத" என்று பிடுங்கிக்கொள்வீர்கள். அதில் என்ன துடைத்தீர்கள் என்று இப்போது தெரிகிறது.

வாப்பா நாற்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தவர். மம்தூஹ் அண்ணன் வாயைக் கட்ட முடியுமா? ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. நேற்று வாப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "உம் புருஷன் வரட்டும். வர்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு நம்ம பள்ளிவாசல்ல பெரியவங்க நாலு பேரு முன்னாடி குர்ஆன்ல கைய வெச்சு, 'குடிச்சேன், தவ்பா செய்யறேன், இனிமே தொடமாட்டேன்'னு சொல்லட்டும். அதோட நான் மறந்துடறேன். அவன் சட்டையில நானே அத்தர் பூசி உன்ன அனுப்பி வைக்கறேன்."

அவர் இதற்கு இறங்கி வந்ததே பெரிய விஷயம். வாருங்கள். சொல்லுங்கள். கூட்டிக்கொண்டு போங்கள். ரபாப் புதுப் பள்ளிக்கூடப் பையை வாங்காமல் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள், "வாப்பாதான் நல்லாப் பார்த்து வாங்குவாங்க" என்கிறாள்.

அவாதிஃப்


சூயஸ்
21 செப்டம்பர் 2003

அன்பு அவாதிஃப்,

வந்தேன். நீ கேள்விப்பட்டிருப்பாய்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். தாடியை மழித்துக்கொண்டு, நம் நிச்சயத்துக்குப் போட்ட அந்தச் சாம்பல் கலர் கோட்டைப் போட்டுக்கொண்டு. கடைசி வரிசையில் நின்று தொழுதேன். தொழுகை முடிந்ததும் பெரியவர்கள் தூணோரம் உட்கார்ந்தார்கள். நடுவில் மாமா. பலகைமேல் குர்ஆன். மம்தூஹ் கதவுப் பக்கம் நின்று போகிறவர்களையெல்லாம் "கொஞ்சம் இருங்க" என்று நிறுத்திக்கொண்டிருந்தான்.

மாமா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். அதுதான் என்னைக் கொன்றுவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன். தெருமுனை வரை வெறுங்காலோடு நடந்ததே எனக்குத் தெரியவில்லை. ஒரு சர்பத் கடைக்காரர்தான் "ஹாஜி, செருப்பு காலுக்கு" என்றார்.

அவாதிஃப், அந்தச் சத்தியத்தை என்னால் செய்ய முடியாது. வேறு என்ன சொன்னாலும் செய்கிறேன். மாமா காலில் விழச் சொல், விழுகிறேன். ஊரைக் கூட்டி என்னை அடிக்கச் சொல், நிற்கிறேன். அந்த வார்த்தைகளைக் குர்ஆன்மேல் கை வைத்துச் சொல்ல மட்டும் முடியாது. காரணம் கேட்காதே. கேட்டால் நான் இன்னொரு பொய் சொல்ல வேண்டி வரும்.

வீட்டு வாசல் வரை வந்தேன். ஜன்னலில் ரபாப் தெரிந்தாள். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். திரும்பிவிட்டேன்.

பையை இங்கேயே வாங்கினேன். நீலம். பார்சலில் வருகிறது.

ஷௌக்கி


ஸகாஸீக்
28 செப்டம்பர் 2003

ஷௌக்கி அவர்களுக்கு,

வாப்பா சாயங்காலம் அஸர் தொழுகை வரை அந்தத் தூணோரமே உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். "வந்துடுவான், கைகால் கழுவி ஒளூ செய்யப் போயிருப்பான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். வீட்டுக்கு வந்தவர் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

என்னைவிட, ரபாபைவிட, உங்களுக்கு அந்தக் குப்பி பெரிதாகப் போய்விட்டது. குடியை விடமாட்டேன் என்று பள்ளிவாசலில் வந்து செருப்பைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போன மனிதரை நான் கேள்விப்பட்டதில்லை.

ரபாபை இங்கே பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. வக்கீல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மணவிலக்குக் கேட்டு நோட்டீஸ் வரும். மம்தூஹ் அண்ணன் அடுத்த வாரம் என் துணிமணிகளை எடுக்க வருவார். அவரிடம் வம்பு வேண்டாம். பை வந்தது. ரபாப் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

அவாதிஃப்


சூயஸ்
7 அக்டோபர் 2003

அவாதிஃப்,

இதை நீ கிழித்துப்போடாமல் படிக்க வேண்டும். எழுதி எழுதிக் கிழித்தவன் நான்தான், நீ ஒரு தடவை படித்துவிட்டுக் கிழி.

நபவியை உனக்குத் தெரியும். என்னோடு கொட்டகையில் டிரம் உருட்டுகிறவர். ஐம்பது தாண்டி, போன ரமலானுக்கு முன்னால் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டாரே, நீகூட புதுப்பெண் இப்திஸாமுக்கு இனிப்பு கொண்டுபோய்க் கொடுத்தாய். அந்த நபவி புதன்கிழமை மதிய ஷிப்டுக்கு வந்தார், சிரித்துக்கொண்டே வந்தார். பம்ப் இன்னும் சரியாகவில்லை, டிரம்மைக் கையால் சாய்த்துத்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். இரண்டாவது டிரம்மில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். முகம் முதலில் சிவப்பு, அப்புறம் சுண்ணாம்பு. நான்தான் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நாங்கள் போவதற்குள் செய்தி போய், இப்திஸாம், அவளுடைய உம்மா, நபவியின் தம்பிமார், தெருவில் பாதி, எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண். நம் ரபாபின் அக்கா என்று சொல்லலாம்.

"வேற ஏதாவது மருந்து மாத்திரை சாப்பிட்டாரா?"

"இல்ல டாக்டர், ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருப்பார்" என்றான் தம்பி. இப்திஸாம் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் ஒரு சின்ன மாத்திரையை எடுத்து, "வாயைத் திறங்க, நாக்குக்கு அடியில வைக்கணும்" என்றாள். நர்ஸ் கேட்டதற்கு அதன் பெயரைச் சொன்னாள். நைட்ரோ என்னவோ. நைட்ரேட் வகை என்றாள்.

அவாதிஃப், நான் நாள் முழுக்கக் கட்டிப் புரள்கிற சாமானின் பெயர் அது. டீசல் இஞ்சினுக்குள் போனதும் சட்டென்று பற்றிக்கொள்ள வேண்டும் என்று அதில் கலக்கிறோமே, அந்த மருந்தும் நைட்ரேட்தான். தோல் வழியாக உள்ளே போனாலும், மூச்சில் போனாலும், ரத்தக்குழாயை விரித்துவிடும். முகம் சிவக்கும், மண்டை வெடிக்கும். ஒரு நாளில் உடம்பு பழகிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை ஒரு நாள் விட்டால் பழக்கம் போய்விடும், சனிக்கிழமை மறுபடியும் முதலிலிருந்து. நீ எலுமிச்சம்பழம் கட்டியது அந்தத் தலைவலிக்குத்தான். பழக்கம் விடாமல் இருக்க, நனைந்த துணியில் ஒரு துண்டு கிழித்து லீவு நாளில் பையில் வைத்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்ததும் நபவிதான், அப்படியும் வலி முழுசாக நிற்கவில்லை. வெளியே கொண்டுபோகக் கூடாத சாமான், அதனால்தான் உன்னிடமிருந்து பிடுங்கினேன்.

இது வரைக்கும் எழுத எனக்குக் கஷ்டமில்லை. இனிமேல்தான்.

நபவி அன்று காலையில் என்ன சாப்பிட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிவார். எனக்கும் ஒன்று கொடுத்திருந்தார், சிகரெட் தாளில் மடித்து. ஆம்பிளைகள் சாப்பிடுகிற அந்த நீல மாத்திரை. நான் அதை எப்போது சாப்பிட்டேன் என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும். ரபாபைத் தோழி வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொன்னது நான்தானே. பையில் துணி, வயிற்றில் மாத்திரை. நான் விழுந்தது அந்த மாத்திரையால் என்று மட்டும்தான் அன்று எனக்குத் தெரியும். துணிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் மண்டையில் இடித்தது. டாக்டர் கையில் இருந்த மாத்திரையும் உள்ளே போனால் என்ன ஆகும்?

"கொடுக்காதீங்க டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். "கொடுக்காதீங்க. அவர் நீல மாத்திரை சாப்பிட்டிருக்கார்."

தம்பி என் சட்டைக் கழுத்தைப் பிடித்தான். "எங்க அண்ணனப் பத்தி என்னடா சொன்ன? நீ பார்த்தியா?"

"எனக்குக் குடுத்ததே அவர்தான். நானும் சாப்பிட்டேன். நானும் இதே மாதிரி விழுந்தேன்."

பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இப்திஸாமின் உம்மா "அஸ்தஃபிருல்லாஹ்" என்று முகத்திரையை இழுத்துக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. மாத்திரையை மூடிவைத்துவிட்டு, ஊசியை மாற்றச் சொல்லி, நபவியின் காலைத் தூக்கிவைக்கச் சொன்னாள். எல்லாம் முடிந்து, அவருக்கு நாடி திரும்பிய பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். நீல மாத்திரையும் நைட்ரேட்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஒரேயடியாக விழுந்துவிடும் என்று சொல்லிவிட்டு, "அங்கிள், உங்களுக்கு எப்ப ஆச்சு?" என்றாள். போன மாதம் என்றேன். "அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா, பிளாண்ட்ல எல்லாருக்கும் சொல்லியிருப்போமே. இவருக்கு இது வந்திருக்கவே வேண்டாமே."

எனக்கு மகள் மாதிரிப் பெண். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

குடிகாரன் என்ற பேர் எனக்கு அன்றைக்கு இதைவிட லேசாகத் தெரிந்தது, அவாதிஃப். மாமா குனிந்து பார்க்கிறார், மம்தூஹ் என் வாயைப் பார்க்கிறான். அவன் பார்த்ததால்தான். ஆகஸ்டில் அவன் மகன் கல்யாணத்தில் ஆம்பிளைகள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது என் தொடையில் தட்டி என்ன சொன்னான் தெரியுமா? "டீசலுக்கே மருந்து கலந்து குபீர்னு பத்த வைக்கிற ஆளு நீங்க. சொந்த இஞ்சினுக்கு ஒண்ணும் கலக்கறதில்லையா, மாப்ளே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நம் இரண்டு பேருக்குள் இருந்த விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும் என்று அன்றிலிருந்து யோசிக்கவே கூடாது என்று இருந்தேன். நீ ஸுஹைரிடம் சொல்லியிருப்பாய். வேறு யாரிடம் சொல்வாய்? உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை.

குடிக்காதவன் குர்ஆன்மேல் கை வைத்துக் குடித்தேன் என்று எப்படிச் சொல்வேன்? அதனால்தான் ஓடினேன்.

மம்தூஹ் வந்து உன் துணிகளை எடுத்துப்போனான். நான் மடித்துக் கொடுத்தேன்.

ஷௌக்கி


சூயஸ்
12 அக்டோபர் 2003

அவாதிஃப்,

பதில் வரவில்லை. வரவேண்டும் என்றும் இல்லை.

நபவி வீட்டுக்கு வந்துவிட்டார். பார்க்கப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "உன்னால நான் தெருவுல தலைகாட்ட முடியல" என்றார். "உசுரோட இருக்கீங்களே" என்றேன். "அதத்தான் சொல்றேன்" என்றார். இப்திஸாம் டீ கொண்டுவந்தாள், குடிக்காமல் வந்துவிட்டேன். பேக்கரி வரிசையில் நான் நின்றால் பையன்கள் "பத்திக்கிச்சா, ஷௌக்கி மாமா?" என்று கேட்டுவிட்டு ஓடுகிறார்கள். பிளாண்ட்டில் எல்லோருக்கும் நீளக் கையுறை வந்திருக்கிறது. துணி எடுத்துப்போனால் வேலை போகும் என்று ஒட்டியிருக்கிறார்கள்.

இந்த ஊருக்கே தெரிந்ததை அந்த ஊரில் மறைத்து என்ன ஆகப் போகிறது? மாமா தூணோரம் அஸர் வரை உட்கார்ந்திருந்தார் என்று எழுதினாயே, அது என்னை விடமாட்டேன் என்கிறது. உனக்கு இஷ்டமிருந்தால் அவரிடம் சொல். என்னால் முடியாது. ஒரு தடவைதான் என்னால் முடிந்தது.

ஷௌக்கி


ஸகாஸீக்
19 அக்டோபர் 2003

என் ஷௌக்கி,

உங்கள் நீளக் கடிதம் வந்த அன்று அதைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. ஸுஹைர் மதினி வந்து, "என்னவாம், குடிய விட்டுட்டாராமா?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். ஜூலையில் இதே அடுப்படியில் முலூகியாக் கீரை நறுக்கிக்கொண்டே நான் அவளிடம் சிரித்துக்கொண்டு சொன்னது ஒரு வார்த்தை விடாமல் நினைவுக்கு வந்தது. "என் வீட்டுக்காரருக்கு இப்பல்லாம் தூக்கம்தான் பொண்டாட்டி" என்றேன். அவளும் சிரித்தாள். அவ்வளவுதான் நான் செய்தது. அதற்கு உங்கள் தலை வாப்பாவின் மடியில் வந்து விழுந்தது.

பதில் எழுதக் கை வரவில்லை. எந்த முகத்தோடு எழுதுவது? சனிக்கிழமை தோறும் உங்கள் நெற்றியைத் தொட்டவள் நான். காய்ச்சல் இல்லை, வாயில் வாசனை இல்லை, இருந்தும் ஏன் என்று ஒரு நாள் உட்கார்ந்து கேட்கவில்லை. குடிகாரர் என்று நம்புவதற்கு எனக்கு ஒரு வாரம்தான் பிடித்தது.

இரண்டாவது கடிதம் வந்ததும் வாப்பாவிடம் போனேன். தனியாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அவர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார், அண்ணன், மதினி, உம்மா எல்லோரும் இருந்தார்கள். ரபாபை மட்டும் கடைக்கு அனுப்பிவிட்டேன்.

"வாப்பா, அவர் குடிக்கல."

"பின்ன?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். உம்மா "வாய மூடுடி" என்றாள். நான் மூடவில்லை. அண்ணன் தன் மகன் கல்யாணத்தில் உங்களிடம் கேட்டதைச் சொன்னேன், அது அண்ணனுக்கு யார் மூலமாகப் போனது என்றும் சொன்னேன். "அவர அந்த மாத்திரைக்குத் தள்ளினது என் நாக்கு, அண்ணன் நாக்கு, ரெண்டும்தான்" என்றேன். மம்தூஹ் அண்ணன் கை கழுவ எழுந்து போனவர் திரும்பி வரவே இல்லை. சோறு அப்படியே இருந்தது. மதினி மறுநாள் வரை என் பக்கமே வரவில்லை, அப்புறம் வந்து என் துணிகளை மடித்துக் கொடுத்தாள்.

வாப்பா தட்டை ஒதுக்கி வைத்தார். பிறகு சொன்னார்: "இத வெளிய யார்கிட்டயும் சொல்லாத. ஊருக்குத் தெரிஞ்சது அப்படியே இருக்கட்டும். குடிச்சான், திருந்திட்டான்னு நான் சொல்லிக்கறேன். குடிச்சவனுக்குத் தவ்பா இருக்கு. இந்தச் சமாச்சாரத்த நான் பள்ளிவாசல்ல எப்படி எடுத்துச் சொல்லுவேன்?"

எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் பார்த்தால் அவர் கண் கலங்கியிருந்தது. அவரும் நம்மைப் போலத்தான். எதைச் சொன்னால் குறைவாகக் கூசும் என்று பார்க்கிறார். "நீங்க சொல்ல வேணாம் வாப்பா, நான் சொல்றேன்" என்றேன். மறுநாள் பக்கத்து வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். பெண்களிடம் சொன்னால் போதும், ஆண்களுக்குத் தானாகப் போய்விடும். சிலர் சிரித்தார்கள். தூணோரம் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த மாத்திரைடீ அது, இவரும் சாப்பிடறார், நெஞ்சுவலி மாத்திரையும் இருக்கு" என்று காதோடு கேட்டாள். உடனே டாக்டரிடம் போகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வாப்பா தொழுகைக்குப் புறப்படும்போது என்னிடம் ஒரு வார்த்தைதான் பேசினார். "அவன் அன்னிக்குப் பொய்ச் சத்தியம் செய்யல" என்றார். அதைப் பள்ளிவாசலில் சொன்னாரா என்று தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

வக்கீல் தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டேன். வருகிற வியாழக்கிழமை வருகிறோம். நோன்புக்கு நம் வீட்டில் இருக்க வேண்டும். ரபாபுக்கு இதில் எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. "வாப்பா தப்பு ஒண்ணும் செய்யலதானே?" என்று மட்டும் கேட்டாள். "இல்ல" என்றேன்.

உங்களை எப்படி நிமிர்ந்து பார்க்கப் போகிறேன் என்று இப்போதே கூசுகிறது. மன்னிப்புக் கேட்டால் நீங்கள் உடனே "சரி விடு" என்பீர்கள். அதனால் கேட்கப் போவதில்லை. ஒன்று மட்டும். அடுத்த தடவை எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்லுங்கள். நானும் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்கிறேன். ஸுஹைரிடம் போகமாட்டேன்.

பஸ் மத்தியானம் வந்து சேரும், மீன் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் நிற்கிற நேரம். மூலையில் ஒதுங்கி நிற்காதீர்கள். முன்னால் வந்து நின்று என் பெட்டியை வாங்குங்கள். சிரிக்கிறவர்கள் நம் இரண்டு பேரையும் சேர்த்தே சிரிக்கட்டும்.

உங்கள்
அவாதிஃப்